பத்து நிமிடப் படம்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நான் வேலை பார்க்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒருவர் என் மூக்கில் குத்தினார். நல்ல மனிதர். “சாரி டாக்டர்” என்று சொல்லிவிட்டுத்தான் குத்தினார். பதினோரு வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறேன், இந்த ஊர் மரியாதை எனக்கு இன்னும் பழகவில்லை.

மூக்கிலிருந்து ரத்தம் சட்டைக்கு வந்து, சட்டையிலிருந்து பேண்ட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு வருவதற்கு முன்னால் படிவம் வந்தது. மொத்தம் ஆறு பக்கம். எந்தக் கையால் குத்தினார், குத்தும்போது நான் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குத்து என் மனத்தை எவ்வாறு பாதித்தது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டே எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் பணியிடத்தில் வன்முறை அனுபவம் உண்டா? ஆம் எனில் விவரிக்கவும். விவரிக்க மூன்று வரி விட்டிருந்தார்கள்.

‘இல்லை’ என்று போட்டேன். இடம் போதாது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனால் என் மகள், ஒன்பது வயது, என் மூக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இங்கேயே பிறந்தவள். அவள் தமிழில் நானும் எங்கள் வீட்டுப் பூனையும் ஒரே இனம்.

“அப்பா அவரைத் திருப்பி அடிச்சிச்சா?”

“இல்லம்மா.”

“அப்ப ஓடிச்சா?”

என் மனைவி கவிதா அடுப்படியில் நின்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அன்று மத்தியானம்தான் கடலூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய வழக்கில் நான் காணொலி மூலம் சாட்சி சொல்ல வேண்டும் என்று நீதிமன்ற சம்மன். அந்த வழக்கில் என்னைக் கேட்கப்போவதும் கிட்டத்தட்ட மகள் கேட்ட அதே கேள்விதான்.

2

நான் கடலூர் செம்மண்டலத்துக்காரன். சிதம்பரத்தில் மருத்துவம் படித்தேன். கடைசிப் பரீட்சை முடிவு வந்த மறுநாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் கடலூர் பஸ்ஸில் ஊருக்கு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கோட்டு நனைந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் பரிதாபப்பட்டு, “எந்தக் கடையில தம்பி முடி வெட்டுறீங்க?” என்று கேட்டார்.

படிப்பை முடித்தவன் முழு டாக்டராவதற்கு முன் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மார்க் போகும். ஹவுஸ் சர்ஜனுக்கு விடை தெரிந்தாலும் ஆபத்துதான். மரணத்தின் அடையாளங்கள் யாவை என்ற கேள்விக்கு நான் பத்துக்குப் பத்து வாங்கியவன். கண்மணி விரிந்திருக்கும், வெளிச்சத்துக்குச் சுருங்காது, நாடி இருக்காது, ஈசிஜியில் கோடு நேராக ஓடும். எல்லாம் தெரியும். அதை வாசலில் நிற்கும் நாற்பது பேரிடம் எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

அதற்கு எங்கள் பேட்ச்சில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தைய பேட்ச்சிடமிருந்து வந்தது, அவர்களுக்கு அதற்கு முந்தையவர்களிடமிருந்து. ‘படம் ஓட்டுவது’ என்று அதற்குப் பெயர். வரும்போதே இறந்திருக்கும் ஆளைக் கூட்டத்தோடு கொண்டுவந்தால், உடனே சொல்லிவிடக் கூடாது. மேஜையில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி, மூக்கின்மேல் ஆம்பு பையை வைத்துக் காற்றடிக்க வேண்டும். கையால் அமுக்கினால் நுரையீரலுக்குள் காற்றை அனுப்பும் ரப்பர் பை அது. பத்து நிமிடம் இப்படிப் படம் ஓட்டினால், ‘டாக்டருங்க ரொம்பப் பாடுபட்டாங்க’ என்ற எண்ணம் சொந்தக்காரர்களுக்கு வரும். அதற்குள் போலீசுக்கும் ஆள் போய்விடும். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லலாம்.

நான் அதில் நல்ல நடிகன். வியர்வைகூட வரவழைப்பேன்.

ஸ்டீபனுக்கு அது பிடிக்காது. ஸ்டீபன் என் வகுப்பு, என் அறை, கடலூர் முதுநகர்க்காரன். அவன் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். கண் அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று இரண்டாம் வருஷத்திலேயே முடிவு செய்துவிட்டான். விடுதியில் திராட்சைப் பழத்தின் தோலை பிளேடால் கிழியாமல் உரிப்பான். நான் அந்தப் பழங்களைச் சாப்பிடுவேன். அவன் மருத்துவக் கல்விக்கு நான் செய்த உதவி அதுதான்.

3

எங்கள் இருவரையும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மருத்துவமனையில் சில வாரங்கள் போட்டார்கள். பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. டூட்டி டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர், வசந்தா சிஸ்டர், ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான்.

குடிகாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மினி லாரி வந்து நின்றது. வாலிபால் ஆடிக்கொண்டிருந்த சங்கர் என்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். முப்பது வயது இருக்கும். இரண்டு டீமும் அப்படியே பனியனோடு லாரியில் ஏறி வந்திருந்தது. சங்கரின் அண்ணன் கலியமூர்த்தி தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

நான் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். ஸ்டீபன் ஈசிஜி எடுத்தான். நேர்கோடு. தாடை விறைக்க ஆரம்பித்திருந்தது. லாரி கிடைத்து வந்து சேர்வதற்குள் இறந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

“சொல்லிடலாம்டா,” என்றான் ஸ்டீபன், மெதுவாக.

“வெளிய பாத்தியாடா? அத்தினி பேரும் ஸ்மாஷ் அடிக்கிறவனுங்க. ஒரு அறை வுட்டா மூஞ்சி நெட்டுக்கு அந்தாண்ட போயிடும். பத்து நிமிஷம் படத்த ஓட்டு.”

“வேணாம் மச்சான். அண்ணங்காரரு தலமாட்டுலயே நிக்கிறாரு.”

“நிக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்.”

நான் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு ஆம்பு பையை எடுத்தேன். ஸ்டீபன் வேறு வழியில்லாமல் நெஞ்சை அமுக்கினான்.

“டாக்டர், உசுரு இருக்குதுங்களா?” என்று கேட்டார் கலியமூர்த்தி.

‘இல்லை’ என்பது மூன்றெழுத்து. நான், “பாத்துட்டு இருக்கோம்ணே” என்றேன்.

பையை அமுக்கினேன். காற்று உள்ளே போனது, சங்கரின் நெஞ்சு மேலே எழும்பியது. விட்டேன், இறங்கியது. மறுபடி எழும்பியது. இது காற்றின் வேலை என்று எனக்குத் தெரியும். சைக்கிள் டியூப்பும் எழும்பும். ஆனால் கலியமூர்த்தி பார்த்தது வேறு. அவர் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினார்:

“டேய்! மூச்சு வுடுறான்டா! சங்கரு மூச்சு வுடுறான்!”

வெளியே விசில் சத்தம் கேட்டது. ஒருவன் தரையில் உட்கார்ந்து அழுதான். ஒருவன் மாரியம்மனுக்கு ஆட்டுக்கடா நேர்ந்துகொண்டான். கலியமூர்த்தி திரும்பி வந்தார், கையில் செல்போன். சங்கரின் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார். ஒலிபெருக்கியைப் போட்டுப் போனைத் தம்பியின் காதில் வைத்தார்.

“பேசும்மா. அவனுக்குக் கேக்குது. பேசு.”

“ஏங்க... ஒண்ணும் பயப்படாதீங்க. தோ, ஆட்டோவுல வந்துட்டே இருக்கேன். புள்ளைய எதுத்த வூட்டுல வுட்டுருக்கேன். கேக்குதா உங்களுக்கு? ஏங்க?”

நான் பையை அமுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டீபன் நெஞ்சை அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஐந்தரை வருஷம் ஒன்றாகப் படித்தும் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஸ்டீபா, இதப் புடி. நான் டூட்டி டாக்டரக் கூட்டிட்டு வந்துடறேன்” என்று பையை அவன் கையில் திணித்துவிட்டு, பின்கதவு வழியாக வெளியேறினேன். டூட்டி டாக்டர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

4

பின்பக்கம் துணி காயப்போடும் இடம். முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றிப் போர்வைகளுக்கு நடுவில் கொடியில் தொங்கவிட்டேன். ஸ்டெத்தை ஜன்னலில் வைத்தேன். முகக்கவசத்தைக் கழற்றினேன். ஐந்தரை வருஷம் கஷ்டப்பட்டு ஆன டாக்டர், அரை நிமிடத்தில் கட்டம்போட்ட சட்டை போட்ட எவனோ ஒருவனாக ஆகிவிட்டேன். அப்படியே சுற்றி வந்து முன்வாசல் கூட்டத்தோடு நின்றுகொண்டேன்.

நான் போனதும் உள்ளே என்ன நடந்தது என்று சிஸ்டர் பிறகு சொன்னார். ஸ்டீபன் பையைக் கீழே வைத்தான். போனை வாங்கி அணைத்தான். “அண்ணே, என்ன மன்னிச்சிடுங்க. அவரு வரும்போதே இறந்துதான் இருந்தாரு” என்றான்.

கலியமூர்த்தி அதை எப்படி நம்புவார்? தம்பியின் நெஞ்சு எழும்பி இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தவர். இந்த டாக்டர் பையை எடுத்தார், நெஞ்சு நின்றது. அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“பையப் புடுங்கிட்டான்டா! மூச்சு வுட்டுட்டு இருந்தவன, பையப் புடுங்கிக் கொன்னுட்டான்டா!”

சிஸ்டர் ஸ்டீபனை ஊசி போடும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டதை வாசலிலிருந்து நானே பார்த்தேன். அதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி மருந்து அலமாரிக் கண்ணாடியில் வீசினார்கள். நாற்காலிகள் ஜன்னல் வழியாகப் பறந்தன. வாட்ச்மேனின் காதில் ஒரு அறை விழுந்தது, வாலிபால் கோர்ட்டில் கேட்கும் அதே சத்தம். அவர் சுவரோரம் சரிந்தார், காதிலிருந்து ரத்தம். சானிட்டைசர் வாசனையும் டெட்டால் வாசனையும் தெருவரைக்கும் அடித்தன. எடை பார்க்கும் மெஷினைக்கூட யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள், அது அவருடைய எடையை மட்டும் சரியாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

கூட்டம் என்னையும் வராந்தாவுக்குள் தள்ளியிருந்தது. கலியமூர்த்தி எதிரே வந்தார். கையில் இரும்புக் கம்பி. என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முகக்கவசம் இல்லாத என் முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“தம்பி, டாக்டரு எந்தப் பக்கம் போனான்? பாத்தியா?”

இந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. போலீசிடமும் கவிதாவிடமும் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெருப்பக்கம் கைகாட்டியிருக்கலாம். நான்தான் டாக்டர் என்று சொல்லியிருக்கலாம், அது சினிமாவில். நான் கையைத் தூக்கி ஊசி அறைக் கதவைக் காட்டினேன்.

ஏழெட்டுப் பேர் கதவில் மோதினார்கள். உள்ளே ஸ்டீபன் தாழ்ப்பாள் தெறிக்காமல் இருக்க வலது கையால் கதவோரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். கதவு ஒரு கணம் திறந்து, மறுபடி அறைந்து சாத்தியது. அந்த இடுக்கில் அவன் விரல்கள். அவன் கத்தியது எனக்குக் கேட்டது. பிறகு கதவு விழுந்தது. கம்பி மணிக்கட்டில் இரண்டு முறை இறங்கியது. சிஸ்டர் அவன்மேல் குறுக்கே விழுந்து படுத்தார், அதனால்தான் மூன்றாவது முறை இறங்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக.

5

ஸ்டீபனின் கைக்கு மூன்று ஆபரேஷன் நடந்தது. மூன்று விரல் மடங்குவதில்லை. கண் நிபுணர் கனவு அதோடு முடிந்தது. முதுநகரில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறான், காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் பார்க்கிறான். இருபத்து மூன்று வயதில் இடது கையால் எழுதப் பழகியவன் என்பதால், தமிழ்நாட்டிலேயே கையெழுத்து புரிகிற ஒரே டாக்டர் அவனாகத்தான் இருப்பான்.

நான் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் ஒரு வரி: சம்பவத்தின்போது டூட்டி டாக்டரை அழைக்கச் சென்றிருந்தேன். இரண்டு வருஷத்தில் பரீட்சை எழுதி இங்கே வந்துவிட்டேன். என் தைரியத்தை மெச்சி அவசரச் சிகிச்சைப் பிரிவு கொடுத்தார்கள்.

சம்மன் வந்த வாரம் ஸ்டீபனுக்குப் போன் செய்தேன்.

“இன்னா மச்சான், வெள்ளக்காரன் மூக்க உடைச்சிட்டானாமே? உங்கம்மா பிரஷர் பாக்க வந்தப்ப சொன்னாங்க.”

“அத வுடு. கேசு இன்னாடா ஆவுது?”

“எதிர்த்தரப்பு வக்கீலு ஒரே பாட்டுதான் பாடுறாரு. பேஷண்டு உசுரோட இருந்தாரு, நான் பையப் புடுங்குனேன், அத்தப் பாத்து ஆத்திரத்துல அடிச்சிட்டாங்கன்னு. ஈசிஜி பேப்பரும் அன்னிக்கே கிழிஞ்சி போச்சி. நீ ஒருத்தன்தான் பாக்கி சாட்சி.”

“நான் இன்னா சொல்லணும்?”

“எதையாவது சொல்லு. அவங்க ஜெயிலு கியிலு போவணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. எம்பொண்ணு ஸ்கூல்ல ஒருத்தி கேட்டாளாம், ‘உங்கப்பாதான பையப் புடுங்குன டாக்டரு’ன்னு. பதிமூணு வருஷமாச்சி, இன்னும் அந்தப் பேரு போவல. குடிகாட்டுப் பக்கத்துலேருந்து ஒருத்தர்கூட எங்கிட்ட வர்றதில்ல. அது மட்டும் தீர்ந்தா போதும்.”

அன்று கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கைகாட்டியதையும். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

“இத சொன்னா இங்க உங்க லைசென்ஸு இருக்குமா?”

“தெரியல.”

“சொல்லாட்டி?”

“இருக்கும்.”

“பதிமூணு வருஷம் நல்லாத் தூங்குனீங்களே, எப்படி?” என்று கேட்டாள். அதைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் மோசம்.

வெளிநாட்டிலிருந்து சாட்சி சொல்வதென்றால் நம் தூதரக அலுவலகத்துக்குப் போய், அவர்கள் அதிகாரி முன்னால் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். நான் நான்தான் என்று நிரூபிக்க மூன்று சான்று, அவற்றுக்கு நகல், நகல்கள் நகல்கள்தான் என்று இன்னொரு சான்று. போட்டோவில் என் மூக்கு வீங்கியிருந்ததால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு ஒரு கடிதம்.

6

இங்கே காலை ஏழு மணி. திரையில் கடலூர் நீதிமன்ற அறை தெரிந்தது, மின்விசிறிச் சத்தம் பேச்சைவிடப் பலமாகக் கேட்டது. கூண்டில் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர். கலியமூர்த்திக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்டீபன் பின்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள், கேமராவுக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“டாக்டர், ஆம்பு பையை வச்சப்ப நெஞ்சு எழும்பி எறங்குச்சா இல்லியா?”

“எழும்புச்சு.”

“அப்ப உயிர் இருந்துச்சு.”

“இல்ல சார். பைய அமுக்குனது நான். அவரு வந்தப்பவே இறந்துட்டாரு. ஈசிஜி பாத்துட்டு, தெரிஞ்சேதான் அமுக்குனேன்.”

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இறந்தவருக்கு எதுக்கு சார் காத்தடிச்சீங்க?”

“பயம். கூட்டத்துக்குக் காட்டுறதுக்காக அடிச்சேன். ஸ்டீபன் டாக்டர் வேணாம்னு சொன்னாரு. நான்தான் கேக்கல. அவரு பண்ணது ஒண்ணுதான், உண்மையச் சொன்னாரு.”

நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். கோட்டைக் கழற்றியதைச் சொன்னேன். வராந்தாவில் நின்றதைச் சொன்னேன். “டாக்டர் எங்கன்னு அவரு கேட்டாரு. நான் அந்தக் கதவக் காட்டுனேன்.”

கலியமூர்த்தி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“கட்டம்போட்ட சட்ட...” என்றார். “நீதானா அது?”

“எதிரி பேசக் கூடாது,” என்றார் நீதிபதி.

கலியமூர்த்திக்கு அது காதில் விழவில்லை. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். எனக்கு அவர் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது.

“அப்ப நான் உங்கள எதுக்குங்க அடிச்சேன்?”

சுருக்கெழுத்துக்காரர் நிமிர்ந்து, இதை எழுத வேண்டுமா என்று நீதிபதியைப் பார்த்தார். கேமராவுக்கு வெளியிலிருந்து ஸ்டீபனின் குரல் வந்தது.

“உக்காருங்கண்ணே.”

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இங்கே மருத்துவக் கவுன்சிலுக்கு நானே எழுதிப் போட்டிருக்கிறேன், அதற்கும் ஒரு படிவம் இருந்தது. ஸ்டீபனுக்குத் தினமும் போன் செய்கிறேன். எடுப்பதில்லை.

நேற்று அம்மா பேசினார். பிரஷர் பார்க்க அவன் கிளினிக்குக்குப் போனபோது ஒரு நரைத்த ஆள் டோக்கன் வாங்கிக்கொண்டு, தனக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். குடிகாட்டுக்காரராம். சர்க்கரையாம். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லையாம். கதவு திறந்தே இருந்ததாம்.

“ஸ்டீபன் இடது கையால நாடி புடிச்சுப் பாத்துட்டு இருந்தான்டா. அந்தாளு இன்னொரு கையால மூஞ்சிய மூடிக்கினு அழுவுறாரு. பாவம், இன்னா நோவோ. மாத்தர எழுதிக் குடுத்து, அடுத்த வாரம் வரச்சொன்னான்.”

“என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டானாம்மா?”

“இல்லியேடா,” என்றார் அம்மா. “எப்பவும் கேப்பான்.”